அக்காவுக்குக் கொடுத்துவிட்ட முட்டைகள்

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் முட்டி வலிக்கும், மாடிப்படி ஏறும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடும், டாக்டர் உங்களையும் ஏதாவது சொல்லி மிரட்டியிருப்பார். என்னை மிரட்டியவர், “நடந்தது போதும் சார், இனிமே வெயிட் தூக்குங்க, தசை கரையுது,” என்றார். அறுபத்தொரு வயதில், ஆயுள் முழுக்கக் கோப்புகளைத் தவிர வேறெதையும் தூக்காத நான், புதுக்கோட்டையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கும் ஜிம்முக்குப் போய்ச் சேர்ந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதிக்குச் சிரிக்கலாம்.

பயிற்சியாளர் ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். இரண்டு கிலோ டம்பெல்லை என் கையில் கொடுத்துவிட்டு, நான் அதைத் தூக்கும் அழகைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சின்ன வயசுலயே தண்டால் எடுத்தவன்மா நான். எங்க மாமா பட்டாளத்துக்காரர்,” என்றேன்.

“அப்ப நல்லா ஒடம்பு வந்துச்சா அங்கிள்?”

“தொப்பை வந்துச்சு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வாத்தியார் தோரணையில் சொன்னாள். “நாலஞ்சு விஷயம் சேரணும் அங்கிள். பாரம் கொஞ்சங்கொஞ்சமா ஏறிக்கிட்டே போகணும். அதுக்கு ஈடா முட்டை, பருப்புன்னு புரதம் உள்ள போகணும். நடுவுல ஓய்வு வேணும். நல்லாத் தூங்கணும், தூக்கத்துலதான் தசை தன்னைச் சரிபண்ணிக்கிட்டு வளருது. வயசும் பரம்பரையும் மட்டும் நம்ம கையில இல்ல.”

“சாப்பாடு இல்லாம பாரம் மட்டும் தூக்குனா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“வளராது அங்கிள். இருக்கிற தசையையும் ஒடம்பே எடுத்துத் தின்னுரும்.”

நான் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், ரத்த அழுத்தமா என்று கேட்டாள். அழுத்தமெல்லாம் இல்லை. அவள் சொன்ன அத்தனையும் எங்கள் வீட்டில் ஒரு பலாக்காய்ப் பருவத்தில் இருந்தது. பாரம் முழுவதும் என் அக்காவுக்கு, மற்றதெல்லாம் எனக்கு. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன், பூசி மெழுகாமல்.

எங்கள் ஊர் கீரமங்கலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். செம்மண், பூந்தோட்டம், பலாத்தோப்பு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. முந்தின வருஷம் டைபாய்டு வந்து நான் குச்சியாகியிருந்தேன். ஆத்தா என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் விலா எலும்பை எண்ணி எண்ணி அழும். அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பங்குனிக் கடைசியில் ஆத்தாவின் தம்பி, பட்டாளத்து மாமா, இரண்டு மாத விடுப்பில் வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கொக்கு மாதிரி வளத்து வச்சிருக்க? நான் போறதுக்குள்ள இவன ஆம்பளயாக்கிக் காட்டுறேன் பாரு,” என்றார்.

மாமா இரண்டு பால்பவுடர் டின்களில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, நடுவில் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாயைச் செருகிக் காயவைத்தார். அதுதான் என் பளு. டின்னின்மேல் இருந்த குண்டுக் குழந்தையின் படம் சிமெண்ட் வழிந்து ஒற்றைக் கண்ணாகிப் போயிருந்தது. அதை நான் நெஞ்சுவரை ஐந்து தடவை தூக்குவேன், ஆறாவது தடவை மூச்சு வாங்கும், மாமா “சபாஷ்” என்பார். விடுப்பு முடியும்வரைக்கும் அது ஆறைத் தாண்டவில்லை, டின்னின் எடையும் ஏறவில்லை. ஆனால் சாப்பாடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. காலையில் பல் தேய்த்ததும் இரண்டு பச்சை முட்டை, பிறகு ஊறவைத்த கடலை, மத்தியானம் ஆட்டுக்கால் சாறு. சாப்பிட்டதும் படுக்கச் சொல்வார். “ஒடம்பு தூங்குறப்பதான்டா வளரும், படு,” என்பார். பட்டாளத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த சரியான பாடம்தான். வீட்டில் அதைத் தப்பான ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் மயிர் அரும்பாத பன்னிரண்டு வயதுப் பயலுக்கு எங்கிருந்து தசை முறுக்கேறும்?

அந்தப் பச்சை முட்டையின் கவிச்சி இன்றைக்கும் என் தொண்டையில் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். வீட்டில் இருந்ததே இரண்டு கோழி. இரண்டும் எனக்காகத்தான் முட்டையிட்டன.

அக்கா நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். விடிவதற்குள் மல்லிகை பறிக்க வேண்டும். பிறகு மோட்டார் கொட்டகையிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று ஆறு நடை. அப்புறம் பலாத்தோப்பு. வெட்டுகிற ஆள் மரத்தின் மேலிருந்து காயைக் கயிற்றில் கட்டி இறக்குவார், கீழே அக்கா தோளில் வாங்கி வண்டிக்குக் கொண்டுபோய் அடுக்குவாள். அப்பா வண்டியில் நின்று வாங்கிவைப்பார். பங்குனியில் கறிக்காய், ஒரு கையில் தூக்கிவிடலாம். சித்திரையில் குடம் அளவு. வைகாசி வந்தால் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம். வாரத்துக்கு வாரம் காய் கனத்துக்கொண்டே போக, அவளும் அதற்குச் சரியாகத் தூக்கிக்கொண்டே போனாள். சட்டைக்கு வெளியே கழுத்தோரத்தில் பலா முள் குத்திய புள்ளிகள் வரிசையாக இருக்கும். பலாப்பால் பிசுக்குப் போக மண்ணெண்ணெய் தேய்த்துக் குளிப்பாள், ஆனாலும் போகாது.

அவளுக்குத்தான் கை முறுக்கேறியது. குடத்தை இறக்கும்போது புஜத்தில் ஒன்று எழும்பி நிற்கும், நான் பொறாமையோடு பார்ப்பேன். ஒரு நாள் ஆத்தாவும் பார்த்துவிட்டது.

“இதென்னடி கையி, ஆம்பளக் கையாட்டம்? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் பாத்தா எந்திரிச்சு ஓடிருவான்.”

“நான் என்னாத்தா பண்ணுறது, வேலைதான பாக்குறேன்,” என்றாள் அக்கா.

“தின்னுற சோறுதான் கையில ஏறுது. இனிமே ராவுக்குச் சோறு கெடையாது. அரை லோட்டா கஞ்சி குடிச்சிட்டுப் படு, வத்தி வரும்.”

கவனியுங்கள். வேலையைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை, சோற்றைக் குறைத்தார்கள். முழங்கை வரைக்கும் மறைக்கிற சட்டை தைத்துக் கொடுத்தார்கள். ஆத்தா கொடுமைக்காரி இல்லை. பெண்ணைக் கரையேற்றும் கவலை, அவ்வளவுதான். அப்பா காதில் விழாத மாதிரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் அப்போது கடலை தின்றுகொண்டிருந்தேன்.

அதே வாரம் அக்கா என் கடலை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துவிட்டாள். நான் போய் ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். அகப்பைக் காம்பால் இரண்டு அடி விழுந்தது அவளுக்கு. கோள் சொல்வதில் நான் அவ்வளவு சுத்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கீரமங்கலத்துப் பள்ளியின் விளையாட்டு டீச்சர் எங்கள் தோப்புக்குப் பழம் வாங்க வந்தார். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், முன்கோபக்காரர், சைக்கிள் ஓட்டுவார் என்பதற்காகவே ஊரில் அவரைப் பற்றிப் பேசுவார்கள். வெட்டுகிற ஆள் இரண்டு கையால் நகர்த்திய பழத்தை அக்கா ஒரு கையில் எடுத்து சைக்கிள் கேரியரில் வைத்தாள். டீச்சர் அவள் சட்டைக் கையைத் தூக்கிப் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். அக்கா கூனிக் குறுகி நின்றாள்.

“என்னடி கூச்சம்? இந்தக் கையி எத்தன பேருக்கு அமையும் தெரியுமா? குண்டு எறிவியா?”

அப்படித்தான் ஆரம்பித்தது. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆனி மாதம் புதுக்கோட்டையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார் டீச்சர். தேறிவிட்டால் அப்பாவிடம் தானே வந்து பேசுவதாகவும் அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம் என்றும் சொன்னார். ஆத்தாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். கையை வற்றவைக்கப் பார்க்கிற ஆத்தா, கையை வளர்க்க விடுமா?

டீச்சர் கொடுத்த இரும்புக் குண்டைத் தோப்பில் சருகுக்குள் ஒளித்துவைத்தோம். சாயங்காலம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று அக்கா தோப்புக்குப் போவாள். ஒரு மணி நேரம் எறிவாள். சனிக்கிழமைதோறும் தையல் கற்றுக்கொள்வதாகச் சொல்லி டீச்சர் வீட்டுக்குப் போவாள். குண்டை மோவாயோடு ஒட்டி வைத்து, ஒரு கணம் கண்ணை மூடி, இடுப்பைத் திருப்பி உந்துவாள். அது மண்ணில் விழும் ‘தொப்’ சத்தம் கேட்டதும் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. வாரத்தின் நல்ல எறி எதுவோ அங்கே ஒரு குச்சியை ஊன்றுவாள். மூன்று வாரம் குச்சிகள் முன்னால் முன்னால் போயின.

“எலும்பும் பலமும் சரி, வயித்துல ஒண்ணுமில்ல ஒனக்கு,” என்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். நான் தினமும் காலையில் பூக்கூடையைக் கீரமங்கலம் பூக்கடைக்குச் சைக்கிளில் கொண்டுபோவேன். வழியில்தான் டீச்சர் வீடு. “தினம் ரெண்டு அவிச்ச முட்டை தம்பிகிட்ட குடுத்து விடுறேன். மறைச்சு வச்சுத் தின்னுடி,” என்றார்.

முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாழையிலைப் பொட்டலம், இளஞ்சூடு, கூடவே சின்னக் காகிதத்தில் மிளகு உப்பு. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று அக்கா பிரித்தாள். ஒரு முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவை எனக்கு நீட்டினாள். மூக்கைப் பிடிக்காமல் தின்ன முடிகிற முட்டை உலகத்தில் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். ஒன்றைத் தின்றேன். “இன்னைக்கு ஒண்ணுதான்க்கா குடுத்தாங்க,” என்றேன். மூன்றாம் நாள் இரண்டையும் தின்றேன். ஓடுகளை வாய்க்காலில் போட்டு, இலையைச் சுருட்டி எறிந்து, கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“டீச்சர் இனிமே முட்டை இல்லைன்னுட்டாங்கக்கா.”

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி,” என்றாள். காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

பசித்துத் தின்றிருந்தால் இன்று இவ்வளவு கூச மாட்டேன். எனக்குப் பசியே இல்லை. வயிறு நிறைய வீட்டு முட்டையும் கடலையும் இருந்தன. ருசிக்காகத் தின்றேன். ஆனி பிறக்கும்வரை நாள் தவறாமல் தின்றேன்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். அக்காவும் டீச்சரும் பேசிக்கொள்ளும் நாள். முதல் சனிக்கிழமை அவள் திரும்பி வரும் வரை வேலியோரம் நின்றேன். வந்தாள், என்னைத் தாண்டிப் போய்க் குடத்தை எடுத்தாள். என் அதிர்ஷ்டம், இரண்டு பேரும் முட்டைப் பேச்சை எடுக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனியும் அப்படியே. அப்புறம் பயம் விட்டுப்போயிற்று.

குச்சிகள் திரும்பி வர ஆரம்பித்தன. நான்காம் வாரக் குச்சி மூன்றாம் வாரக் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஐந்தாம் வாரத்துக் குச்சி ஒரு முழம் பின்னால். அப்போது வைகாசிக் கடைசி, தோப்பில் காய் உச்சம், ஒரு நாளைக்கு இரண்டு வண்டி ஏற்றினார்கள். அக்காவின் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. சட்டைக் கை தொளதொளத்தது. ஆத்தாவுக்கு மட்டும் சந்தோஷம். “பாத்தியா, கஞ்சி குடிச்சதும் கை எறங்கிருச்சு,” என்று மாமாவிடம் காட்டியது. அந்தக் குச்சிகளை நானும் தினமும் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்தும் மறுநாள் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன்.

தேர்வுக்குப் போகும் அன்று, பள்ளிச் சான்றிதழ் விஷயமாகப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போவதாக டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று ஆத்தா என்னைத் துணைக்கு அனுப்பியது. அவளுக்குத் துணை நான்! அதற்கு முந்தின நாள் மாலைவரை அக்கா வண்டிக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தாள், அன்று காலையும் நாலு மணிக்கு எழுந்து பூப்பறித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மைதானத்தில் மூன்று எறி. தேறுவதற்கு எட்டவேண்டிய தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். முதலாவது கோட்டை எட்டாமல் நன்றாக உள்ளேயே விழுந்தது. இரண்டாவதற்கு முன்னால் அவள் தரையில் குந்திவிட்டாள், கண் இருட்டுகிறது என்றாள். எழுந்து எறிந்தாள், அதுவும் எட்டவில்லை. மூன்றாவது எறி கோட்டுக்கு ஒரு சாண் குறைவு. வேறு ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “தோப்புல எறிஞ்ச தூரத்த எறிஞ்சிருந்தாலே போதுமேடி! தெனம் ரெண்டு முட்டை குடுத்தேனே, எங்க போச்சு அத்தனையும்? ஒழுங்காப் பழகுனியா, இல்ல ஊர் சுத்துனியா?”

நான் டீச்சரின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்க்காமல், என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள், டீச்சர் அவளை மறுபடி கூட்டிவந்திருப்பார்.

“பழகல டீச்சர்,” என்றாள் அக்கா.

“சோம்பேறிக் கழுத,” என்றார் டீச்சர். அதற்கப்புறம் அவர் எங்கள் தோப்புப் பக்கம் வரவே இல்லை. பாவம், அவருக்கும் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அந்தக் குண்டையும் திருப்பிக் கேட்கவில்லை, அது சருகுக்குள்ளேயே எங்கோ கிடந்து போயிற்று.

பத்தாவதோடு அக்காவை நிறுத்தினார்கள். பதினெட்டில் பொன்னமராவதிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். என்னைப் படிக்கவைத்தார்கள், வேலை கிடைத்தது, பேனா பிடித்தே ஓய்வு பெற்றேன். நாற்பத்தொன்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆனி மாதத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. பொங்கலுக்குப் போவேன், தீபாவளிக்கு அவள் வருவாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

ஜிம்மில் உட்கார்ந்துவிட்ட அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்துநாலு வயது. புஜத்தில் தோல் மட்டும் தொங்கியது.

“என்னடா திடுதிப்புன்னு? போன் கூடப் பண்ணல,” என்றாள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். “அக்கா, டீச்சர் குடுத்துவிட்ட முட்டைய நான்தான் தின்னேன்,” என்றேன். எத்தனையோ வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன், இது ஒன்றுதான் வந்தது.

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்,” என்றாள். “மொதச் சனிக்கெழமையே தெரியும். முட்டை வருதாடின்னு டீச்சர் கேட்டாங்க. வருது டீச்சர்னேன்.”

“ஏன்க்கா?”

“டீச்சர் ஒன்ன நாலு அறை அறைஞ்சிருப்பாங்க. நீ அழுதுக்கிட்டே போயி ஆத்தாகிட்ட குண்டு விஷயத்தச் சொல்லிருவ. ஒனக்குத்தான் வாயி நிக்காதே. அப்பறம் எங்கிட்டுப் போயி நான் குண்டு எறியுறது? முட்டையா, அந்த ஒரு மணி நேரமான்னு பாத்தேன். ஒரு மணி நேரம் போதும்னு விட்டுட்டேன்.”

நான் தின்றதுதான் குற்றம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். தன் தம்பியை, பன்னிரண்டு வயதுப் பயலை. அந்தப் பயத்தோடு தினமும் காலிக் கையோடு வருகிற என்னைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கிறாள்.

“என்னை மன்னிச்சிரு அக்கா,” என்றேன்.

‘சின்னப் புள்ளையில பண்ணுனதுக்கு என்னடா மன்னிப்பு’ என்று அவள் சொல்வாள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பேன் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள். முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப எனக்கு ரொம்பப் பசிச்சுச்சுடா தம்பி,” என்றாள்.